சென்னைக்கு குடி போறதா வேணாமா? கடலூர்ல இருந்து போயிட்டு வந்தவ சொல்ற கணக்கு

எங்க தெருவுல யாருக்காவது சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை கிடைச்சா ரெண்டாவது நாள் எங்க வீட்டு கேட்டை தட்டிடுவாங்க. ஏன்னா நாங்க போயிட்டு வந்தவங்க. 2022 ஜூன்ல மஞ்சக்குப்பத்துல இருந்து மேடவாக்கத்துக்கு குடி போனோம், 2024 மே மாசம் மூட்டை கட்டிட்டு திரும்பி வந்துட்டோம். ஒவ்வொருத்தர்கிட்டயும் உக்காந்து ஒரே கதைய சொல்லி சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதியே வச்சுடலாம்னு.

போகாதீங்கன்னு சொல்றதுக்காக எழுதல, அத மொதல்லயே சொல்லிடறேன். கோண்டூர்ல எனக்கு தெரிஞ்ச ஒரு ஜோடி, ரெண்டு பேருமே நர்ஸு, கீழ சொல்லப்போற அதே கணக்க போட்டு பார்த்துட்டு போனாங்க, நல்லா இருக்காங்க, நான்தான் போங்கன்னு சொன்னேன். எங்களுக்கு ஏன் சரிப்படலன்னா நாங்க சம்பளத்த மட்டும் பார்த்துட்டு போனோம். ஊர்ல கைக்கு வராமலே வந்துட்டு இருந்த வருமானம் ஒண்ணு இருந்துச்சு, அது லாரியில ஏறாதுன்னு எங்களுக்கு தெரியல.

மொதல் வேலை: எதுக்கு போறீங்கன்னு தனித்தனியா எழுதுங்க

புருஷன் ஒரு பேப்பர், பொண்டாட்டி ஒரு பேப்பர். ஒருத்தர் எழுதறத இன்னொருத்தர் பாக்கக்கூடாது. சிரிப்பா இருக்கும், ஆனா செய்ங்க.

நாங்க இத போறதுக்கு முன்னாடி செய்யல, திரும்பி வந்த அப்புறம் ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனப்ப பேசிகிட்டோம். அவரு சொன்னாரு, சிப்காட்ல பத்து வருஷமா அதே சீட்ல உக்காந்து இருக்கோமேன்னுதான் போனேன்னு. நான் சொன்னேன், எங்க அத்தை கூட ஒரே அடுப்படியில பதினோரு வருஷம் நின்னாச்சு, எனக்குன்னு ஒரு சமையல்கட்டு வேணும்னுதான் சரின்னேன்னு. ஆனா ஊர் பூரா நாங்க சொல்லிட்டு போன காரணம் என்னன்னா பிள்ளைங்க படிப்பு. ரெண்டு பேருமே அத நினைக்கவே இல்ல! அத்தை கூட இருக்கற பிரச்சனைக்கு மாடியில ஒரு அடுப்படி கட்டியிருந்தா முடிஞ்சிருக்கும், இப்போ அததான் கட்டியிருக்கோம்.

காரணம் உண்மையா என்னன்னு தெரிஞ்சாதான் அதுக்கு ஊர் மாறணுமா, கம்பெனி மாறினா போதுமா, இல்ல பாண்டிச்சேரிக்கு தினமும் போய் வந்தா போதுமான்னு யோசிக்க முடியும். இங்க இருந்து பாண்டி இருபது இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான், ஆல்பேட்டை தாண்டினா கன்னிக்கோயில், பஸ்சும் அடிக்கடி இருக்கு. எங்க வீட்டுக்காரர் இப்போ அததான் பண்றாரு, பைக்கை வீட்டுல வச்சுட்டு பஸ்லயே போய் வர்றாரு.

ஆஃபர் லெட்டர்ல இருக்கற தொகைய அப்படியே நம்பாதீங்க

சிடிசின்னு வருஷத்துக்கு ஒரு பெரிய தொகை போட்டிருப்பான், அதை பன்னெண்டால வகுத்து மாசம் இவ்ளோ வரும்னு நினைச்சுடாதீங்க. கம்பெனி கட்டுற பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், வருஷ கடைசியில வந்தாலும் வரும் வராட்டியும் போகும்ங்கற போனஸ் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். "கையில எவ்ளோ சார் வரும்"னு எச்ஆர் கிட்ட நேரா கேளுங்க, கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க, அந்த ஒரு நம்பர் மட்டும்தான் நமக்கு தேவை. மாதிரி சம்பள சீட்டு ஒண்ணு கேட்டா குடுப்பாங்க.

வாடகை கட்டுறோமே, வரியில கழிச்சுக்கலாம்னு யாராவது சொன்னா பழைய வரி முறையா புதுசான்னு கேட்டுக்குங்க. புது முறையில எச்ஆர்ஏ, அதாவது வாடகைப்படி கழிவு கிடையாது. அதே சமயம் 2025-26ல இருந்து புது முறையில சம்பளக்காரங்களுக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் வரைக்கும் வரியே இல்ல, அதனால நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது பெரிய விஷயமில்ல, தாண்டி போயிடலாம்.

ரெண்டு பக்க கணக்கு

இதுதான் முக்கியம், இதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா ஒதுக்குங்க. பழைய ஸ்கூல் நோட்டு ஒண்ணு எடுத்து இடது பக்கம் கடலூர், வலது பக்கம் சென்னை. போன மூணு மாசம் ஜிபேல என்ன போயிருக்கு, மளிகை கடை அக்கவுண்ட் நோட்டுல என்ன இருக்குன்னு பார்த்து இடது பக்கத்த நிரப்புங்க, ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க, ஞாபகம் எப்பவும் கம்மியாதான் சொல்லும்.

எங்க நோட்டுல இருந்ததை அப்படியே சொல்றேன், இது எங்க வீட்டு கணக்கு, உங்களுது வேற மாதிரி வரும்.

கடலூர்ல: அவரு சம்பளம் கையில 26,500. நான் சாயங்காலம் பன்னெண்டு பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்தது 7,000. மொத்தம் 33,500. செலவுன்னு பார்த்தா மளிகை 6,500, காய் பால் மீனு 5,500, கேஸு கரண்டு போனு நெட்டு 2,200, ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ மாசமா பிரிச்சா 4,500, பெட்ரோல் 1,800, டாக்டரு கல்யாணம் காதுகுத்து மொய்யின்னு 3,000. ஆக 23,500. மிச்சம் 10,000. வாடகை இல்ல, மாமனார் கட்டின வீடு.

சென்னையில: சம்பளம் கையில 46,000. அய்யோ 19,500 ஏறுதேன்னு நாங்க ஆடுனோம். அங்க போய் ஆறு மாசம் கழிச்சு எழுதி பார்த்தப்ப வாடகை மெயின்டனன்ஸ் சேர்த்து 13,500, கரண்டு கேஸு தண்ணி கேனு நெட்டு 3,000, மளிகை 7,500, காய் பால் மீனு 6,500, ஸ்கூலும் வேனும் 7,500, பெட்ரோல் 2,500, மாசம் ஒரு தடவை கடலூர் வந்து போற செலவு 2,000, மத்தது 3,000. கூட்டிப் பாருங்க, 45,500.

மிச்சம் 500 ரூபா. சம்பளம் 19,500 ஏறி, கையில நின்னது பத்தாயிரத்துல இருந்து ஐநூறுக்கு வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் அந்த நோட்டை ரெண்டு தடவை கூட்டினாரு, கால்குலேட்டர்ல ஒரு தடவை கூட்டினாரு, அப்புறம் லைட்டை நிறுத்திட்டு படுத்துட்டாரு.

இதுக்கு மேல போறப்ப ஒரு தடவை ஆகற செலவு தனி. அஞ்சு மாச அட்வான்ஸ் 62,500, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை 12,500, லாரி ஏத்துக்கூலி இறக்குக்கூலி 14,000, ரெண்டு பேருக்கும் அட்மிஷன் 30,000. மொத்தம் 1,19,000. என் செயினை வச்சுதான் போனோம், அந்த வட்டிய நான் மேல எழுதவே இல்ல பாருங்க, அதான் சொல்றேன், எல்லாத்தையும் எழுதுங்கன்னு.

அந்த நர்ஸ் ஜோடி கணக்கு ஏன் வேற மாதிரி வந்துச்சுன்னா, அவங்க இங்கயும் வாடகை வீடு, சென்னையில ரெண்டு பேருக்குமே வேலை உறுதி, ஆஸ்பத்திரியில இருந்து நடந்து போற தூரத்துல வீடு, குழந்தை இன்னும் ஸ்கூல் போகல. அவங்களுக்கு போனா மாசம் 14,000 கூட மிச்சம் வரும்னு வந்துச்சு. அப்படி வந்தா எதுக்கு யோசிக்கணும், கிளம்ப வேண்டியதுதான்.

கைக்கு வராத வருமானம்

மேல கடலூர் பக்கத்துல மளிகை 6,500தானேன்னு பார்த்தீங்கல்ல, அதுல அரிசி கிடையாது. காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்க அம்மா வீட்டு நிலத்துல இருந்து வருஷத்துக்கு மூணு மூட்டை நெல்லு வந்துடும், அரைச்சு வச்சுக்குவோம். மேடவாக்கத்துல 25 கிலோ மூட்டைய முதல் தடவை காசு குடுத்து வாங்கினப்பதான் அரிசிக்கு விலை இருக்குன்னே எனக்கு உறைச்சுது. நெல்லை அங்க கொண்டு போகலாமேன்னு கேப்பீங்க, கொண்டு போனோம் ஒரு தடவை, லாரி வாடகைக்கும் மூணாவது மாடிக்கு தூக்கின கூலிக்கும் அரிசி கடையிலயே வாங்கியிருக்கலாம்.

இந்த மாதிரி ஒவ்வொண்ணா யோசிச்சு அதுக்கு ஒரு ரூபா போடுங்க. அத்தை மதியம் பையனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து சோறு போட்டு தூங்க வைப்பாங்க, அத காசு குடுத்து ஒரு டே கேர்ல செஞ்சா என்ன ஆகும்னு சென்னையில விசாரிங்க. முதுநகர் துறைமுகத்துல வேலை பாக்கற பக்கத்து வீட்டு அண்ணன் வாரத்துக்கு ரெண்டு நாள் குடுக்கற சங்கரா, நெத்திலி. பண்ருட்டி சொந்தக்காரங்க வீட்டு பலாப்பழம், முந்திரி. மாச கடைசியில காசு இல்லன்னா "அடுத்த மாசம் குடுக்கறேன் அண்ணாச்சி"ன்னு சொல்ற மளிகை கடை. எனக்கு டியூஷன் வந்ததே இந்த தெருவுல இத்தனை வருஷமா என்னை தெரியும்ங்கறதாலதான். மேடவாக்கத்துல கதவுல பேப்பர் ஒட்டினேன், எட்டு மாசத்துல ரெண்டே பிள்ளைங்க, அதுல ஒண்ணு ஃபீஸ் குடுக்காமலே வீடு மாறி போயிடுச்சு.

வீட்டுல ரெண்டாவது ஆள் என்ன சின்ன வேலை பண்ணிட்டு இருந்தாலும், தையலோ டியூஷனோ மாவு அரைச்சு விக்கறதோ, அது புது ஊர்ல முதல் வருஷம் சைபர்னு எழுதிக்குங்க. அப்புறம் வந்தா லாபம்.

எங்க மாவட்டத்துல வேடிக்கையா ஒண்ணு சொல்வோம். வீராணம் ஏரி நம்ம காட்டுமன்னார்கோயில்ல இருக்கு, 2004ல இருந்து அந்த தண்ணி குழாய்ல சென்னைக்கு போகுது. நாங்களும் அதே ரூட்டுல போனோம், ஆனா எங்க வீட்டு குழாயில மட்டும் அது வரல, போர் தண்ணிதான்.

பிள்ளைங்க எந்த கிளாஸ்ல இருக்காங்கன்னு பார்த்துட்டு தேதி வைங்க

சம்பளம் எவ்ளோ வந்தாலும் பத்தாவது, பன்னெண்டாவது படிக்கற பிள்ளைய நடுவுல தூக்கிட்டு போகாதீங்க. சிபிஎஸ்இயா இருந்தா இன்னும் கவனமா இருக்கணும், ஒன்பதாவதுலயும் பதினொண்ணாவதுலயுமே போர்டு பரீட்சைக்கு பேரு பதிஞ்சுடுவாங்க, அதனால பத்துலயும் பன்னெண்டுலயும் ஸ்கூல் மாத்தணும்னா அப்பா அம்மாவுக்கு டிரான்ஸ்ஃபர் மாதிரி காரணம் காட்டி போர்டு அனுமதி வாங்கணும். அஞ்சு முடிச்சு ஆறு, எட்டு முடிச்சு ஒன்பது, பத்து முடிச்சு பதினொண்ணு, இந்த மூணு இடத்துல மாறினா பிள்ளைக்கு அவ்வளவா தெரியாது. எங்க பெரியவ அஞ்சு முடிச்சு போனா, ரெண்டே மாசத்துல ஒட்டிகிட்டா. சின்னவன் ரெண்டாவது, ஒரு வருஷம் பூரா பென்சிலை கடிச்சுட்டு இருந்தான்.

தமிழ்நாட்ட விட்டு வெளிய, பெங்களூர் மாதிரி ஊருக்கு போறவங்க இந்த பத்திய ரெண்டு தடவை படிங்க. பிள்ளை அரசு பள்ளியில படிக்குதுன்னா, ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் இங்க அரசு பள்ளியிலயே படிச்சாதான் மெடிக்கல் சீட்ல அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும், நடுவுல ரெண்டு வருஷம் வெளிய போனா அது போச்சு. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ்நாட்டுல படிச்சிருந்தா பிரச்சனை இல்ல, இல்லன்னா நேட்டிவிட்டி சர்டிபிகேட்டுக்கு அலையணும். பிற்பாடு டிஎன்பிஎஸ்சி எழுத வைக்கலாம்னு நினைச்சா, தமிழ் வழியில படிச்சவங்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒண்ணாவதுல இருந்தே தமிழ் மீடியம் கேக்கறாங்க. பெங்களூர் போனா பிள்ளை கன்னடமும் ஒரு பாடமா படிக்கணும், சின்ன பிள்ளைக்கு அது விளையாட்டு, எட்டாவது பிள்ளைக்கு அது தலைவலி.

பாண்டிச்சேரிக்கு குடி போறவங்களுக்கும் ஒண்ணு, அங்க அரசு பள்ளியெல்லாம் இப்போ சிபிஎஸ்இக்கு மாறிடுச்சு. பக்கத்து ஊருதானேன்னு நம்ம ஸ்டேட் போர்டு பிள்ளைய கொண்டு போய் சேர்த்துட்டு முழிக்காதீங்க.

டிசி வாங்கறப்ப எமிஸ் நம்பரையும், அதாவது அரசு கம்ப்யூட்டர் பதிவுல பிள்ளைக்கு இருக்கற நம்பரையும், கேட்டு வாங்கிக்குங்க. பழைய ஸ்கூல்ல பேரை விடுவிக்காம புது ஸ்கூல்ல ஏத்த முடியாது. எங்களுக்கு அது பதினெட்டு நாள் இழுத்துச்சு, அந்த பதினெட்டு நாளும் பொண்ணு வருகை பதிவுல பேரு இல்லாமலே கிளாஸ்ல உக்காந்துட்டு வந்தா.

முதல்ல ஒருத்தர் மட்டும் போய் மூணு மாசம் இருங்க

வேலைக்கு சேர்றவர் மட்டும் ஒரு ஷேரிங் ரூமோ பிஜியோ எடுத்து தங்கட்டும். வாரா வாரம் வந்து போகட்டும், திருப்பாப்புலியூர் ஸ்டேஷன்ல சோழன் எக்ஸ்பிரஸ் நிக்குது, பஸ் இருக்கவே இருக்கு. திண்டிவனம் வழியா போற பஸ்ஸுங்க பெரும்பாலும் 2024 ஆரம்பத்துல இருந்து கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுலயே நின்னுடும், அங்க இருந்து ஓஎம்ஆர் பக்கம் போக தனியா ஒரு பிரயாணம், அந்த நேரத்தையும் சேர்த்துக்குங்க.

மூணு மாசம் ஏன்னா, முதல் மாசம் எல்லாமே நல்லாதான் இருக்கும். ரெண்டாவது மாசம் மேனேஜர் யாருன்னு தெரியும். மூணாவது மாசம் இந்த கம்பெனியில ரெண்டு வருஷம் தாக்கு பிடிப்போமா மாட்டோமான்னு தெரிஞ்சுடும். அவரு சேர்ந்த கம்பெனியில ஆறாவது மாசமே ஆளை குறைக்க ஆரம்பிச்சாங்க, அவரு தப்பிச்சாரு, ஆனா நாங்க குடும்பத்தோட வந்து அட்வான்ஸ் குடுத்து ஃபீஸ் கட்டி முடிச்சிருந்தோம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரு போன் அடிச்சா எனக்கு வயித்த கலக்கும்.

இந்த மூணு மாசத்துக்குள்ள ஒரு வாரம் குடும்பத்தோட போய் தங்கிப் பாருங்க. லீவுல போய் மெரினா, வண்டலூர்னு சுத்திட்டு சென்னை சூப்பர்னு சொல்லாதீங்க, ஸ்கூல் நாள்ல போங்க. காலையில எட்டு மணிக்கு அவரு கூடவே ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வாங்க. சாயங்காலம் ஆறரைக்கு பிள்ளைங்கள கூட்டிட்டு காய் வாங்க நடந்து பாருங்க.

வீடு பாக்கறது எப்படி

வரிசை முக்கியம். முதல்ல ஆபீஸ் எங்கன்னு பாருங்க, அப்புறம் ஸ்கூல், கடைசியா வீடு. நாங்க வீட்ட முதல்ல பிடிச்சோம், வாடகை கம்மின்னு. அப்புறம் ஸ்கூல் ஒரு பக்கம் ஆபீஸ் இன்னொரு பக்கம், வேனுக்கும் பெட்ரோலுக்கும் குடுத்தத சேர்த்தா ரெண்டாயிரம் கூட குடுத்து நடுவுல ஒரு வீடு எடுத்திருக்கலாம்.

வீடு பாக்க காலையில போகாதீங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு போங்க. மாடி வீடுன்னா அப்போதான் சூடு தெரியும். உள்ள போனதும் புரோக்கர் ஹால்ல நின்னு டைல்ஸை காட்டுவாரு, நீங்க நேரா சமையல்கட்டு குழாய பாருங்க. நாங்க பார்த்த வீட்டுல குழாய் மூக்குல வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி கட்டி கட்டியா ஒட்டியிருந்துச்சு, நான் நகத்தால சுரண்டினேன், உதிரல. அப்பவே புரிஞ்சிருக்கணும். உப்பு தண்ணி. ஒரு வருஷத்துல குக்கர் உள்ள வெள்ளை படிஞ்சுது, வாஷிங் மெஷின் ஹீட்டர் போச்சு, என் தலைமுடி பாதி போச்சு. குடிக்க மட்டுமில்ல, சமைக்கறதுக்கும் கேன்தான்.

மழை வந்தா தண்ணி நிக்குமான்னு வீட்டு ஓனர்கிட்டயும் புரோக்கர்கிட்டயும் கேக்காதீங்க, "அதெல்லாம் ஒரு சொட்டு நிக்காதும்மா"ன்னுதான் சொல்வாங்க. தெரு முனையில இஸ்திரி வண்டி போட்டிருக்கறவர்கிட்ட கேளுங்க, "அண்ணா 2015ல எது வரைக்கும் வந்துச்சு, மிக்ஜாம்ல எது வரைக்கும் வந்துச்சு"ன்னு. அவரு வண்டிய எங்க தள்ளிட்டு போய் நிறுத்தினாருன்னு சொல்வாரு, அதான் உண்மையான கணக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் மூழ்கிச்சு, எங்க தெருவுல இடுப்பளவு, மூணு நாள் கரண்ட் இல்ல. நம்ம தானே புயலையும் சுனாமியையும் பார்த்தவங்க, தண்ணி புதுசில்ல, ஆனா இங்க தண்ணி வந்தா யார் வீட்டு மாடிக்கு ஓடணும்னு தெரியும், அங்க கீழ் வீட்டுக்காரங்க பேரே எனக்கு அன்னிக்குதான் தெரிஞ்சுது. (ஊருக்கு திரும்பின அதே வருஷம் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் வந்துச்சு, அதனால கடலூர் பத்திரமான ஊருன்னு நான் பெருமை பேசல.)

கரண்டுக்கு தனி மீட்டரா, சப் மீட்டரான்னு கேளுங்க. ஈபி தனி மீட்டர்னா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் நமக்கு வரும், சப் மீட்டர்னா ஓனர் யூனிட்டுக்கு ஒரு ரேட்டு வைப்பாரு, அவரு வச்சதுதான் சட்டம். அட்வான்ஸ் விஷயத்துல, தமிழ்நாட்டுல 2017 வாடகை சட்டம் 2019ல இருந்து நடைமுறையில இருக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்காத பட்சத்துல மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்கக்கூடாதுன்னு இருக்கு. ஆனா பத்து மாசம்னு அக்ரிமென்ட்ல எழுதி நீங்க கையெழுத்து போட்டா போட்டதுதான். பேரம் பேசறதுக்கு இத தெரிஞ்சு வச்சுக்குங்க, எங்களுக்கு எட்டுல இருந்து அஞ்சுக்கு இறங்கினாரு. காலி பண்றப்ப பெயின்டுக்குன்னு ஒரு மாச வாடகைய பிடிப்பாங்க, அது அக்ரிமென்ட்ல எழுதியிருக்கான்னு பாருங்க. உள்ள போற அன்னிக்கே சுவரு, குழாய், கதவு எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸப்ல அனுப்பிடுங்க.

கார்டு, வண்டி

ரேஷன் கார்டை அவசரப்பட்டு மாத்த வேணாம். ஒரே நாடு ஒரே ரேஷன் 2020 அக்டோபர்ல இங்க வந்துடுச்சு, கைரேகை வச்சு சென்னையில வேற கடையிலயும் வாங்கலாம், நான் ரெண்டு வருஷமும் அப்படிதான் வாங்கினேன். கேஸ் கனெக்ஷனை மட்டும் போறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. பெங்களூர்காரங்களுக்கு வண்டி பிரச்சனை ஒண்ணு இருக்கு, டிஎன் 31 வண்டிய வேற மாநிலத்துல ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்தா அங்க மறுபடி பதியணும், வரியும் கட்டணும். பழைய வண்டின்னா இங்கயே வித்துட்டு போறது நல்லது.

பெரியவங்க

இத கடைசியில எழுதறேன், நாங்களும் கடைசியிலதான் யோசிச்சோம். எங்க அத்தைக்கு சுகரு, பிபி, மாசம் ஒரு தடவை பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு போகணும், காலையில ஆறு மணிக்கு கிளம்பினாதான் சீட்டு. யாரு கூட்டிட்டு போறதுன்னு நாங்க கேக்கல, அத்தையும் சொல்லல. நாத்தனார் நெல்லிக்குப்பத்துல இருக்காங்க, பாத்துப்பாங்கன்னு நாங்களே நினைச்சுகிட்டோம். அஞ்சாவது மாசம் தெரிஞ்சுது, மூணு மாசமா அத்தை போகவே இல்ல, மருந்தை பாதி பாதியா உடைச்சு சாப்பிட்டுட்டு இருந்திருக்காங்க. "உங்கள எதுக்கு அலைய வைக்கணும்னுதான்"னாங்க.

அதனால யாரு, எந்த தேதி, எந்த வண்டியிலன்னு பேரு போட்டு எழுதுங்க. பாத்துக்குவாங்கன்னு எழுதாதீங்க. கூடவே சென்னைக்கு கூட்டிட்டு போறதா இருந்தா லிஃப்ட் இல்லாத மாடி வேணவே வேணாம், அத்தை வந்து பத்து நாள்ல எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டாங்க, "ஏன்டா, இந்த ஊர்ல வாசல் எங்கடா இருக்கு?"

திரும்பி வர்றதுக்கும் காசு எடுத்து வைங்க

மூணு மாச செலவுக்கான பணம், அதுக்கு மேல ஒரு லாரி வாடகை. இது இல்லாம கிளம்பாதீங்க. நகைய வச்சு போறீங்கன்னா இன்னும் ஆறு மாசம் தள்ளிப் போடுங்க, வேலை அதுக்குள்ள ஓடிப்போச்சுன்னா அது நமக்கில்லன்னு விடுங்க, இன்னொண்ணு வரும்.

சொந்த வீட்ட உடனே வாடகைக்கு விடாதீங்க, ஒரு ரூம்ல நம்ம ஜாமானை போட்டு பூட்டி வச்சுட்டு மிச்சத்த வேணா விடலாம். எப்போ மறுபடி உக்காந்து கணக்கு பாக்கறதுன்னு ஒரு தேதிய இப்பவே குறிங்க, நாங்க காலண்டர்ல குறிக்கல, அதனால ரெண்டாவது வருஷம் பூரா "அடுத்த இன்கிரிமென்ட் வரட்டும்"னே ஓடிடுச்சு. இன்கிரிமென்டும் வந்துச்சு, கூடவே வாடகையும் ஆயிரம் ஏறிச்சு.

லாரி ஏத்தற அன்னிக்கு ஒண்ணே ஒண்ணு. கட்டில் போகட்டும், பீரோ போகட்டும், கல்லு கிரைண்டரை மட்டும் இங்கயே விட்டுட்டு போங்க. எங்க கிரைண்டரை மூணாவது மாடிக்கு ஏத்த ரெண்டு பேரு வந்து 600 ரூபா கேட்டாங்க, இறக்கறப்ப 800 கேட்டாங்க, நடுவுல ரெண்டு வருஷம் அந்த கல்லு ஓடற சத்தத்துக்கு கீழ் வீட்டுக்காரங்க கம்பு எடுத்து கூரைய தட்டுவாங்கன்னு நாங்க பாக்கெட் மாவுதான் வாங்கினோம்.